எக்ஸ்ரே அண்ணன்

ஒரு பெரியவரின் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிச்சுக்குங்க" என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். படம் விழுந்துவிட்டது. அடுத்து "விடலாம்" என்று சொல்லவேண்டும். இருபத்து மூன்று வருடமாக ஒருநாளும் விட்டுப்போகாத வார்த்தை. அன்றைக்குப் பார்த்து மேசைமேல் கிடந்த போன் மினுங்கியது. எட்டிப் பார்த்தாள். 'மூடுபனித் தபால் இரண்டாம் பாகம் வருது. நிஜமா வருது' என்று ஒரே ஒரு வரி. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பத் திரும்ப அந்த வரியையே படித்துக்கொண்டு நின்றாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியவர் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கடமை தவறாமல் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் தாங்கமுடியாமல் புஸ்ஸென்று விட்டுவிட்டு, "நானா விட்டுட்டேம்மா, தப்பா?" என்று கேட்டார். அவள் ஓடிப்போய் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, தப்பெல்லாம் தன்னுடையதுதான் என்று நாலு தரம் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பெரியவரும் என்ன ஏதென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

மருத்துவமனையில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். தள்ளுவண்டியில் ஆட்களைக் கொண்டுவந்து விடும் ஊழியர்கள் வைத்த பெயர். நாளைக்கு அறுபது, எழுபது பேர் வருவார்கள். கை, கால், முதுகு, நெஞ்சு. ஆளுக்கு இரண்டு நிமிடம். எலும்புவரைக்கும் பார்த்துவிடுவாள், அதற்குமேல் அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. படம் மாடியில் டாக்டரிடம் போகும், ஆள் வந்த வழியே போய்விடுவார். உடைந்த விரல் நேராகக் கூடியதா, கோணலாகக் கூடியதா என்றுகூட யாரும் வந்து சொல்லமாட்டார்கள். அதில் அவளுக்குச் சின்னதாக ஒரு குறை உண்டு. வெளியே சொன்னதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் குளியலறை வாசலில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். தன் காலின் படத்தைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, டாக்டர் வாயைத் திறப்பதற்குள், "ரெண்டு இடத்துல போயிருக்கு. மூணு மாசம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மூன்று மாதமும் வீட்டில் மாவுக்கட்டோடு கிடந்தாள். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. காலையில் போனால் இருட்டியபிறகுதான் வருவார். ஒரே மகள் கால்நடை மருத்துவம் படிக்க அப்போதுதான் விடுதிக்குப் போயிருந்தாள். போகும்போது வீடியோ கேம் பெட்டியை டிவிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதற்குள் ஒரே ஒரு விளையாட்டு மிச்சம் இருந்தது. "அது செம போரும்மா, அதான் எடுத்துட்டுப் போகல" என்றாள் போனில்.

அதுதான் மூடுபனித் தபால். பனி மூடிய ஒரு தீவு. நீங்கள் அந்தத் தீவின் தபால்காரர். பையில் கடிதங்கள் இருக்கும். உரியவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். சுடுவது, வெட்டுவது, துரத்துவது எதுவும் கிடையாது. தீவில் நாற்பத்திரண்டு பேர். யாரும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டார்கள். யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். ஏழே பேர் சேர்ந்து செய்த விளையாட்டு அது. வெளிவந்தபோது சீந்த ஆளில்லை. வருடம் திரும்புவதற்குள் கம்பெனியை மூடிவிட்டு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். ஆனால் வாங்கிய சில ஆயிரம் பேர் அதை விடவில்லை. இணையத்தில் ஒரு மன்றம் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்கள் எல்லாம் தபால்காரரைத் தீவு முழுக்க ஓடவிட்டுத் தேடினார்கள். இவள் மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டியிருந்ததாலோ என்னவோ, அந்த மனிதரையும் படகுத்துறை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி உட்கார்ந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்துப் படகுக்காரர் பனிக்குள்ளிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கால் வலிக்கிறதா என்று கேட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நாள் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். உட்கார்ந்தவருக்கு ஊரே வந்து கதை சொன்னது. மூன்று மாதத்தில் நாற்பத்திரண்டு பேரும் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார்கள், மழை பெய்தால் எங்கே ஒதுங்குவார்கள், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் மருத்துவமனையின் பழைய நீளப் பதிவேடு ஒன்றில் கோடு போட்டு எழுதி முடித்திருந்தாள். அதைப் படம் எடுத்து மன்றத்தில் போட்டாள். பெயர் கேட்ட இடத்தில் 'எக்ஸ்ரே' என்று போட்டுக்கொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. 'அண்ணே, நீங்க மனுஷனே இல்ல.'

அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் அந்த அண்ணன். 'நான் பார்த்தேன், நான் எழுதினேன்' என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்? முதலில் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. திருத்தலாம் என்று தோன்றியபோது காலம் கடந்துவிட்டது. அதற்குள் அவள் நூற்றுக்கணக்கான பேருக்கு அண்ணன். புதிதாக விளையாட வந்து பனியில் வழி தெரியாமல் முழிப்பவர்களை 'எக்ஸ்ரே அண்ணனைக் கேளு' என்று அனுப்புவார்கள். அவளும் சளைக்காமல் பதில் போடுவாள். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் ஒருவன் மட்டும் விளையாட்டோடு நிற்காமல் வீட்டுக் கதையையும் எழுதுவான். நிச்சயம் செய்த பெண் வேண்டாமென்று போனது, ஏணியிலிருந்து விழுந்து இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தது எல்லாம் அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் தினம் காலையில் அவனுக்கு இரண்டு வரி எழுதும். 'எந்திரிச்சியா? சாப்பிட்டியா?' அவ்வளவுதான்.

இப்போது, விளையாட்டு வெளிவந்து பதினாலு வருடம் கழித்து, அதே ஏழு பேர் மறுபடி ஒன்றுகூடி இரண்டாம் பாகம் செய்திருக்கிறார்களாம். மன்றத்தில் ஒருவருக்கும் தலைகால் புரியவில்லை. முன்னோட்டமாக நாற்பது விநாடி வீடியோ ஒன்று வந்தது. அதில் இருந்ததெல்லாம் பனிதான். ஆளாளுக்கு அதை நூறு தரம் போட்டுப் பார்த்தார்கள். நீலக் கூரை தெரிகிறதே, அது பள்ளிக்கூடமா, ரொட்டிக்கடையா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. மூச்சக்கா சாப்பாட்டு இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, நெஞ்சுப் படம் பார்க்கிற பெரிய திரையில் அந்தக் காட்சியைப் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்தும் கறுப்பைக் கூட்டியும் பார்த்தாள். நுரையீரலில் மங்கலாகக் கிடப்பதைப் பிடிக்கிற கண் அது. பனிக்குப் பின்னால் ஒரு நேர்கோடு, அடியில் சீரான இடைவெளியில் தூண்கள். 'பாலம் இருக்கு' என்று மன்றத்தில் எழுதினாள்.

அவ்வளவுதான், மன்றம் இரண்டுபட்டது. பாலம் வந்தால் தீவு தீவாக இருக்குமா, படகுக்காரர் கதி என்ன என்று ஒரு கட்சி. வந்தால் வரட்டுமே என்று ஒரு கட்சி. நடுவில் ஃப்ரிட்ஜ் தம்பி ஒரு யோசனை சொன்னான். இந்த ஊரில் மட்டும் முப்பது பேர் இருக்கிறோம். ஆட்டம் வெளியாகும் அன்று எல்லோரும் ஒரே இடத்தில் கூடி விளையாடினால் என்ன? டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கும் டீச்சரம்மா ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை தங்கள் வகுப்பறை காலிதான் என்றாள். எல்லாம் முடிவானபிறகு கடைசியாக ஒரு வரி வந்தது. 'எக்ஸ்ரே அண்ணன் வந்து முதல்ல உட்கார்ந்து ஆரம்பிச்சு வைக்கணும். அண்ணன் வராம திரையைத் திறக்கறதில்ல.'

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். போய்விட்டு வாயேன் என்றார். அவர்கள் கூப்பிடுவது ஓர் ஆம்பளையை என்றாள். அவர் தட்டில் மிச்சமிருந்த சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்போ நான் போறேன்" என்றார்.

"எங்க?"

"எக்ஸ்ரேவா. மீசையெல்லாம் இருக்குல்ல எனக்கு."

அவள் சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். ஆனால் படுத்தபிறகு யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் அவ்வளவு மட்டமான யோசனையாகத் தெரியவில்லை. எட்டு வருடம் ஏமாற்றிவிட்டாள் என்று முப்பது பேர் முகம் சுண்டுவதைப் பார்ப்பதைவிட இது மேல். மறுநாளே பாடம் ஆரம்பித்துவிட்டது. யார் படகுக்காரர், யார் கலங்கரை விளக்குக்காரர், எந்தப் பாட்டுக்கு எந்த நாய் குரைக்கும். அவர் எல்லாவற்றையும் கண் பவர் எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டில் பொடிப்பொடியாக எழுதிக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். கடையில் ஆள் இல்லாதபோது எடுத்து முணுமுணுத்துக்கொள்வார். கண்ணைச் சோதிக்க வந்த ஒருவரிடம் வாய் தவறி "படகுக்காரர் தெரியுறாரா?" என்று கேட்டுவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். வளைவு, பள்ளம், ஒலி எழுப்பாதே. நடுவில் வெள்ளைத் திரை. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஃப்ரிட்ஜ் தம்பி ஓடிவந்து கணவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், கண் கலங்கி நின்றான். கணவர் திக்குமுக்காடிப் போய்ப் பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தார். "அண்ணி, நீங்க இங்க உட்காருங்க" என்று அவளுக்குக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, கையில் டீயைக் கொடுத்தார்கள்.

முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. கணவர் குறைவாகப் பேசினார், நிறையத் தலையாட்டினார். பெரிய மனிதர்கள் அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். டீச்சரம்மாதான் வினையைக் கிளப்பினாள். பழைய ஆட்டத்தில் ஒரே ஒரு கடிதம் தனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, ரொட்டிக்கடைக்காரர் மழை நாளில் எங்கே இருப்பார் என்று கேட்டாள். இது சீட்டில் இல்லாத கேள்வி. மழை பெய்தால் மனிதன் வீட்டில்தான் இருப்பான் என்று கணவர் தன் அனுபவத்திலிருந்து சொன்னார். டீச்சரம்மா புருவத்தைச் சுருக்கினாள். அப்படியென்றால் படகுக்காரர் பெஞ்சுக்கு எத்தனை மணிக்கு வருவார்? இது சீட்டில் இருந்தது. ஆனால் சீட்டு கண்ணாடிக் கூட்டில், கூடு கோட்டுப் பையில், கோட்டு வாசலில் மாட்டிக் கிடந்தது.

"நாலரை" என்றார் துணிந்து.

கடைசி வரிசையில் டீ டம்ளர் நங்கென்று கீழே வைக்கப்பட்டது.

"நாலரை இல்ல. அஞ்சே கால். மழைன்னா படகுக்காரர் வரவே மாட்டாரு. ரொட்டிக்கடைக்காரர்தான் குடை எடுத்துட்டு அவரைத் தேடிக் கலங்கரை விளக்குக்கிட்ட போவாரு. அங்க போய் குடுங்க."

சொல்லி முடித்தபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முப்பது தலையும் பின்னால் திரும்பியது. கணவர் மெல்ல எழுந்து, "நான் மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு, முன் நாற்காலியை விட்டு நகர்ந்து நின்றார்.

முதலில் சிரித்தது டீச்சரம்மா. ஒருவரைத் தொட்டு ஒருவராகக் கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. ஃப்ரிட்ஜ் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. காதுமடல்வரை சிவந்துபோய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். யாருக்கும் கேட்காத குரலில் பேசினான்.

"அண்ணன்னு நெனச்சு என்னென்னவோ எழுதிட்டேனே."

"அதெல்லாம் அண்ணன்கிட்ட சொன்னது தம்பி. அக்கா இன்னைக்குத்தானே வந்திருக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் சிவந்த காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். பிறகு, "காலையில சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டான். அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். கையைப் பிடித்து அழைத்துப்போய் முன் நாற்காலியில் உட்காரவைத்தான்.

திரை திறந்தது. அதே தீவு; ஆனால் பனி பாதிகூட இல்லை. அவள் சொன்ன பாலம் கண்முன்னே நீண்டு கிடந்தது. பாலத்தில் லாரிகள் போயின. படகுத்துறை இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க். பெஞ்சு இல்லவே இல்லை. கூடத்தில் பெருமூச்சு எழுந்தது. கெடுத்துட்டானுங்க என்று ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் கொஞ்ச நேரம் ஆட்டத்தைத் தொடாமல் அந்தப் பங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலையோடு ஒருவர் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். நடை பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"படகுக்காரர்தான். இங்க வேலைக்கு வந்துட்டாரு போல" என்றாள். "பதினாலு வருஷம் ஆச்சுல்ல. ஊருன்னா மாறாதா? ஆளு நல்லா இருக்காரு, அது போதும்."

முணுமுணுப்பு அடங்கியது. எல்லோரும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்து வந்ததுதான் சோதனை. தபால்காரருக்கு இப்போது மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். மூச்சக்கா பிறந்ததிலிருந்து சைக்கிள்கூட ஓட்டியதில்லை. முதல் வளைவிலேயே வண்டியோடு, பையோடு, கடிதங்களோடு கடலில் விழுந்தாள். மறுபடி கிளம்பினாள், மறுபடி விழுந்தாள். "வளைவுல வேகத்தைக் குறைங்க அக்கா" என்று டீச்சரம்மா பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதிப்பதுபோல் காலை ஊன்றிக்கொண்டு கத்தினாள். எட்டாவது தரம் விழுந்தபோது கூடமே சேர்ந்து எண்ணியது. பதினொன்றாவது தரம் பாலத்தின் நட்டநடுவிலிருந்து, யாரும் எதிர்பார்க்காத பக்கமாகப் பறந்துபோய் விழுந்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். வேலையில் சேர்ந்த இத்தனை வருடத்தில் இவ்வளவு பேருக்கு நடுவில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஓரமாக நின்றிருந்த கணவர் தயங்கித் தயங்கி, "நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் ஒரு பழைய வண்டி இருந்தது. அவள் கையிலிருந்த கண்ட்ரோலரை வாங்கி ஓட்டினார் பாருங்கள், வளைவில் சாய்ந்து, லாரிக்கு வழிவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல். எங்கே போவதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்ரோல் பங்க் ஆளைக் கேளுங்க, சாப்பாட்டு நேரம்னா அவரு அந்தச் சுவர் நிழல்லதான் இருப்பாரு என்று வழி சொன்னாள். முதல் கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கூடம் கைதட்டியது.

"அண்ணன் ஓட்டட்டும், அக்கா வழி சொல்லட்டும்" என்றான் ஃப்ரிட்ஜ் தம்பி. போலி என்று பிடிபட்ட மனிதர் ஒருவழியாக அன்றைக்கு உண்மையாகவே அண்ணன் ஆனார்.

இரண்டாம் பாகம் பிடிக்காமல் மன்றத்தை விட்டுப் போனவர்களும் உண்டு. போகட்டும், கோபம் ஆறினால் வருவார்கள் என்று மூச்சக்கா இருந்துவிட்டாள். அவளுக்குத் தலைக்குமேல் வேலை. தீவில் இப்போது நூற்றுப் பத்துப் பேர். பாதிப்பேர் பாலம் தாண்டி அக்கரையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். சாயங்காலம் எந்தப் பேருந்தில் திரும்புவார்கள் என்று பிடிப்பதே பெரும்பாடு. புதுப் பதிவேட்டில் முப்பத்தாறு பேருக்குத்தான் கோடு போட்டிருக்கிறாள். மாதம் ஒருமுறை டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் கூடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் தம்பியும் டீச்சரம்மாவும் இப்போதெல்லாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்கள். அதைப் பற்றி அக்காவுக்கு ஒன்றும் தெரியாது.

கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கே டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் புதிதாக வந்த பள்ளிக்கூட ஆசிரியையைத் தேடி இருவரும் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் என்று இவள் சொல்ல, வலப்பக்கம்தான் குறுக்குவழி என்று அவர் பிடிவாதம் பிடிக்க, வார்த்தை தடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மகள் போன் செய்தாள். அப்பா எங்கே என்று கேட்டாள்.

"வண்டி ஓட்டிட்டிருக்காருடி. மலைப்பாதை. அப்புறம் பேசறேன்."

"என்னம்மா சொல்ற? நம்மகிட்ட ஏது வண்டி?"

குறுக்குவழி பாதியில் முடிந்து, முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் போனை மடியில் வைத்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினாள். மகள் இந்த முனையில் நடக்கும் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, வீடியோவைப் போட்டுத் திரைப் பக்கம் காட்டும்படி சொன்னாள். போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்தார்கள். அப்பா ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் எடுக்கிறார் என்று அங்கிருந்து அவள் சொல்ல, அதெல்லாம் தெரியும் என்று இவர் முறுக்கிக்கொண்டார். ஆசிரியையின் கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது.